96 நானோசெக்கன் கூடாதா? ரேம், புரொசஸர் லேட்டன்சிச் சோதனையை வாசிக்கப் பழகுவோருக்கு

கச்சான் காற்று அனலாக வீசிய ஒரு பின்னேரம், வந்தாறுமூலை வளாகத்தில் படிக்கும் தம்பி ஒருவர் மட்டக்களப்பு, கல்லடியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். ஓட்டோவில் கணினிப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். ஃபோனில் இரண்டு ஸ்கிரீன்ஷொட்.

"அண்ணா, என்ட மெசின்ல லேட்டன்சி 96 காட்டுது. கூட்டாளிட மெசின்ல 63. பழைய சாமானத் தந்து ஏமாத்திப் போட்டாங்களோ?"

அவருடையது ஏஎம்டியின் ரைசன் 5 3600 புரொசஸர். கூட்டாளியுடையது இன்டெல் ஐ5-10400. தம்பி தன்னுடையதைப் பாவித்த பெட்டியாக வாங்கியிருந்தார். திருப்பிக் கொடுப்போமா என்கிற யோசனையோடுதான் வந்திருந்தார். அன்று இரண்டு மணித்தியாலம் அவரோடு இருந்து பார்த்ததையும் பேசியதையும் படிமுறையாக இங்கே எழுதுகிறேன். ஒரு சோதனையின் கடைசி எண்ணை மட்டும் வைத்து ஒரு மெசினைத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அந்த எண் எந்த இடத்தில், எந்த அலகில், எந்த நிலையில் அளக்கப்பட்டது என்று பார்த்தால் மெசின் தானாகவே தன் குறையைச் சொல்லும்.

லேட்டன்சி வேறு, பேண்ட்வித் வேறு

கல்லடிப் பாலத்தைப் பாருங்கள். 1924இல் திறந்த பழைய பாலம் ஒற்றை வழி. இந்தப் பக்கத்து வாகனம் போகும்வரை அந்தப் பக்கம் காத்து நிற்க வேண்டும். 2013இல் பக்கத்திலேயே புதிய பாலம் வந்தது. வாவியின் அகலம் மாறவில்லை. ஓர் ஆள் சைக்கிளில் அக்கரைக்குப் போக எடுக்கும் நேரமும் ஏறக்குறைய அதேதான். மாறியது என்ன? ஒரு மணித்தியாலத்தில் கடக்கும் வாகனங்களின் எண்ணிக்கை.

ஓர் ஆள் கடக்க எடுக்கும் நேரம் லேட்டன்சி. ஒரு மணித்தியாலத்தில் எத்தனை பேர் கடக்கலாம் என்பது பேண்ட்வித். முன்னதை நானோசெக்கனில் (செக்கனில் நூறு கோடியில் ஒரு பங்கு) அளப்பார்கள், குறையக் குறைய நல்லது. பின்னதைச் செக்கனுக்கு எத்தனை மெகாபைட் என்று அளப்பார்கள், கூடக் கூட நல்லது. புதிதாகப் பழகுபவர்கள் குழம்பும் முதல் இடம் இதுதான். 'வேகமான ரேம்' என்று பெட்டியில் போடுவது பெரும்பாலும் பேண்ட்வித் எண். லேட்டன்சியைப் பற்றி அது நேரடியாக எதுவும் சொல்வதில்லை.

இவ்விரண்டும் எவ்வளவு விலகியவை என்பதற்கு ஒரு கணக்கு. புரொசஸர் ரேமிலிருந்து ஒரு தடவைக்கு எடுப்பது 64 பைட். லேட்டன்சி 80 நானோசெக்கன் என்று வைத்து, ஒன்று வந்த பிறகே அடுத்ததைக் கேட்பதானால், செக்கனுக்கு 800 மெகாபைட்தான் வரும். அதே ரேமின் பேண்ட்வித் 51,200 மெகாபைட் இருக்கலாம். அதை எட்ட வேண்டுமானால் எந்நேரமும் 64 கோரிக்கைகள் வழியில் இருந்தாக வேண்டும். ஆகவே ஒரு புரோகிராம் அடுத்து என்ன வேண்டும் என்று முன்கூட்டித் தெரிந்து கேட்டால் பேண்ட்வித் அதற்கு உதவும். ஒன்றைப் பார்த்துத்தான் அடுத்ததைத் தேட வேண்டுமென்றால் லேட்டன்சிதான் அதன் கழுத்தைப் பிடிக்கும்.

அளப்பதற்கு முன்

மெசினைப் போட்டு ஒரு பத்து நிமிடம் விடுங்கள். பிரவுசர், வைரஸ் ஸ்கேன், வின்டோஸ் அப்டேட் எல்லாம் ஓய வேண்டும். லெப்டொப் என்றால் சார்ஜரில் செருகி, பவர் அமைப்பை உச்ச நிலைக்கு மாற்றுங்கள். பிறகு ஐந்து தடவை ஓட்டி, ஐந்தையும் எழுதுங்கள். ஒன்றிரண்டு நானோசெக்கன் ஏறி இறங்குவது இயல்பு, அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். ஒரு தடவை மட்டும் எட்டுப் பத்துக் கூடினால் பின்னால் ஏதோ ஓடியிருக்கிறது. அந்தத் தடவையைத் தள்ளிவிட்டு நடுவில் வரும் எண்ணை எடுங்கள்.

எங்கள் ஊருக்கென்று ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும்போது அறைக்குள்ளேயே கணினி திணறும். வெப்பம் கூடினால் புரொசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மத்தியானம் எடுத்த எண்ணையும் விடியக்காலை எடுத்த எண்ணையும் ஒப்பிடுவதானால், புரொசஸர் வெப்பநிலையையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

சிபியு-இசட்டில் மூன்று இடங்கள்

சோதனையை ஓட்ட முன்னமே சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து 'மெமரி' பக்கத்துக்குப் போங்கள்.

முதலாவது, ரேமின் வேகம். 3200 ரேம் வாங்கியவர் அங்கே 1600 என்று கண்டு திடுக்கிடுவார். பயப்பட வேண்டாம். ரேமின் கடிகாரத் துடிப்பு ஒன்றுக்கு இரண்டு தடவை தரவு போவதால் அது காட்டுவது பாதி எண். 1600ஐ இரண்டால் பெருக்கினால் 3200. தம்பியின் மெசினில் அந்த இடத்தில் 1200 இருந்தது. ஆக அந்த ரேம் 2400இல்தான் ஓடிக்கொண்டிருந்தது. குச்சியில் ஒட்டியிருந்த லேபிளிலோ 3200 என்று இருந்தது.

இரண்டாவது, சனல், அதாவது ரேமுக்கும் புரொசஸருக்கும் நடுவில் உள்ள தரவுப் பாதை. டிடிஆர்4 என்ற ரேம் தலைமுறையில் 'டுவல்' என்றோ '2 x 64-பிட்' என்றோ இருக்க வேண்டும். தம்பியிடம் 8 ஜிபி குச்சிகள் இரண்டு இருந்தும் 'சிங்கிள்' என்றே காட்டியது. டிடிஆர்5 வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அதில் ஒரே குச்சிக்குள்ளேயே 32 பிட் சனல் இரண்டு உண்டு. '2 x 32-பிட்' என்று கண்டு டுவல் என்று சந்தோசப்படக் கூடாது. இரண்டு குச்சிகள் சரியாகப் போட்டிருந்தால் '4 x 32' வரும்.

மூன்றாவது, சிஎல் எண்: கேட்ட தரவைத் தர ரேம் எடுக்கும் துடிப்புகளின் எண்ணிக்கை. இதை வைத்துச் சின்னக் கணக்கொன்று போடலாம். சிஎல்லை 2000ஆல் பெருக்கி, ரேம் வேகத்தால் வகுத்தால் நானோசெக்கன் வரும். டிடிஆர்4-3200 சிஎல்16 என்றால் 10. அதே 3200 சிஎல்22 என்றால் 13.75. பழைய டிடிஆர்3-1600 சிஎல்11க்கும் அதே 13.75. டிடிஆர்5-4800 சிஎல்40க்கு 16.67. புதிய ரேம் பழையதை விட இந்த அளவில் பின்தங்கவும் கூடும் என்பதைப் பார்த்தீர்களா? டிடிஆர்5இன் பலம் அகலத்தில்தான்.

சிஎல் 10 நானோசெக்கன் என்றால் சோதனை ஏன் 75, 80 என்கிறது? சிஎல் என்பது ரேம் சிப்புக்குள் நடக்கும் ஒரு கட்டம் மட்டுமே. சிப்புக்குள் தரவு வரிசை வரிசையாக இருக்கும்; வேறு வரிசை திறந்திருந்தால் அதை மூடி, புதியதைத் திறந்து, அதற்குப் பிறகே எடுக்க வேண்டும். 3200 ரேமில் 16-18-18 என்றால் இந்த மூன்றும் சேர்ந்து 52 துடிப்பு, அதாவது 32.5 நானோசெக்கன். 22-22-22 என்றால் 41.25. மீதி நேரம், புரொசஸர் தனக்குள் வைத்திருக்கும் சிறிய, வேகமான எல்1, எல்2, எல்3 கேஷ் நினைவகங்கள் எல்லாவற்றிலும் தேடி இல்லை என்று கண்டு, ரேம் கட்டுப்படுத்தி வழியாகப் போய் வர எடுப்பது. நல்ல ரேமுக்கு மாறினால் ஒன்பது பத்து நானோசெக்கன் குறையலாம். பாதியாகக் குறையும் என்று யாராவது விற்றால் வாங்க வேண்டாம்.

நான்கு பெட்டிகள்

எய்டா64 என்ற மென்பொருளின் கேஷ், மெமரிச் சோதனையில் ரீட், ரைட், கொப்பி, லேட்டன்சி என நான்கு நிரல்கள் இருக்கும். மேல் வரி ரேம், அதன் கீழே எல்1, எல்2, எல்3. காசு கட்டாத பதிப்பில் சில பெட்டிகளை மறைத்திருப்பார்கள், அதை மெசினின் பிழை என்று நினைக்காதீர்கள்.

ரீட் எண்ணைப் பார்க்க முன் உச்சம் எவ்வளவு என்று நீங்களே கணக்கிடுங்கள். ரேம் வேகத்தை 8 பைட்டால் பெருக்கி, சனல் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். 2400 ஒற்றைச் சனல் 19,200. 3200 இரட்டைச் சனல் 51,200. அளந்த எண் இந்த உச்சத்தின் 85, 90 வீதத்துக்குக் கிட்ட இருந்தால் நலம். தம்பிக்கு ரீட் 18,000 அளவில் வந்திருந்தது. அப்படியானால் அந்த ரேம் தன்னால் முடிந்ததை முழுக்கத் தந்துகொண்டுதான் இருந்தது. குறை ரேமில் இல்லை, போட்ட விதத்தில்.

பெட்டியைத் திறந்தோம். நான்கு ஸ்லொட் உள்ள மதர்போட். இரண்டு குச்சிகளும் அடுத்தடுத்து ஒட்டியபடி, ஒரே சனலில். பொதுவாகப் புரொசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லொட்டில்தான் போட வேண்டும். மதர்போட்டிலேயே அதைச் சிறிய எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். மாற்றிப் போட்டால் ஒரு குச்சி பிடிபடவில்லை. திரை கறுப்பாகவே கிடந்தது, தம்பியின் முகமும் கறுத்துவிட்டது. கடற்கரை வீடுகளில் இது அடிக்கடி நடப்பதுதான். உப்புக் காற்றில் பொன்னிறத் தொடுப்புகள் மேல் மங்கலான படலம் படியும். பள்ளிப் பிள்ளைகள் பாவிக்கும் வெள்ளை அழிறப்பரை எடுத்து அந்தத் தொடுப்புகளை ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்தேன். துகளைத் தூரிகையால் தட்டி, திரும்பச் செருகி, இரண்டு பக்கக் கொழுவியும் 'டிக்' என்று விழும்வரை அழுத்தினேன். வந்துவிட்டது.

அடுத்து, கணினி தொடங்கும்போது திறக்கும் பயோஸ் அமைப்புத் திரைக்குள் போய், ரேமை லேபிளில் உள்ள வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பைப் போட்டோம். சில மதர்போட்களில் அதற்கு டிஓசிபி என்று பெயர், டிடிஆர்5 ரைசன்களில் எக்ஸ்போ. இதைப் போடாவிட்டால் பல 3200 ரேம்கள் தாழ்ந்த வேகத்திலேயே ஓடும். எத்தனையோ பேர் காசு கொடுத்து வாங்கிய வேகத்தை வருடக்கணக்கில் பாவிக்காமலே இருக்கிறார்கள். ஒரு தரம் பார்த்துவிடுங்கள். போட்ட பிறகு மெம்டெஸ்ட்86 என்ற ரேம் பிழைச் சோதனையை ஓர் இரவு ஓட விடுங்கள். ஒரேயொரு பிழை வந்தாலும் அந்த வேகம் உங்கள் மெசினுக்கு வேண்டாம், ஒரு படி குறையுங்கள்.

திரும்ப அளந்தபோது ரீட் 47,000 சொச்சம், லேட்டன்சி 76. தம்பி சிரித்தார். அடுத்த நொடியே, "அண்ணா, ரைட் 25,500 தானே காட்டுது, பாதியில நிக்குதே?" என்றார்.

அது பிழையில்லை. ரைசன் 3600இல் கணக்குப் போடும் கோர்கள் இருக்கும் சிப் வேறு, ரேமைக் கவனிக்கும் சிப் வேறு. இரண்டுக்கும் நடுவில் உள்ள பாதையில் உள்ளே வர ஒரு துடிப்புக்கு 32 பைட், வெளியே போக 16 பைட். பாதையின் வேகம் 1600 மெகாஹேர்ட்ஸ் என்றால் 16ஐ 1600ஆல் பெருக்க 25,600. அளந்த எண் அதை ஒட்டியே நிற்கிறது. அந்தப் புரொசஸரை அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். இன்டெல் மெசினின் ரைட் எண்ணைப் பக்கத்தில் வைத்து இதைக் குறை சொல்வது நியாயமில்லை.

படிக்கட்டு வரைபடம்

ஒற்றை எண்ணை விட எனக்கு மிகவும் பிடித்தது இந்த வரைபடம்தான். கிடையாக, சோதனை தொடும் தரவின் அளவு: 4 கிலோபைட்டில் தொடங்கி இரட்டித்து இரட்டித்து நூற்றுக்கணக்கான மெகாபைட் வரை. நிலைக்குத்தாக லேட்டன்சி. லாரி மெக்வோயும் கார்ல் ஸ்டேலினும் 1996இல் அறிமுகப்படுத்திய எல்எம்பெஞ்ச் என்ற சோதனைத் தொகுப்பில் உள்ள ஒரு சிறு சோதனை இதைத் தரும். லினக்ஸில் இன்றும் ஓடுகிறது.

சோதனை நடக்கும் விதம் புதையல் விளையாட்டுப் போல. ஒரு துண்டை எடுத்தால்தான் அடுத்த துண்டு எங்கே என்று தெரியும். புரொசஸரால் முந்திக்கொண்டு கேட்க முடியாது, அதனால் உண்மையான காத்திருப்பு வெளிப்படும்.

ஐ5-10400இன் வரைபடத்தை இடமிருந்து வலமாக வாசித்துப் பார்ப்போம். 32 கிலோபைட் வரை தரை மட்டம்: அது எல்1, புரொசஸரின் நாலைந்து துடிப்பு. பிறகு 256 கிலோபைட் வரை ஒரு படி: எல்2, பன்னிரண்டு பதினாலு துடிப்பு. அதன் பின் எல்3, நாற்பதுக்கு அண்மை. இந்தப் புரொசஸரின் எல்3 12 மெகாபைட். அப்படியானால் 12 வரை மட்டமாகப் போய் அங்கே செங்குத்தாக ஏற வேண்டுமல்லவா? ஏறாது. ஆறு மெகாபைட் தாண்டும்போதே மெல்லச் சாயத் தொடங்கும். காரணம் டிஎல்பி என்கிற முகவரிப் பதிவேடு. அதில் 1536 பதிவுகள், பதிவு ஒன்றுக்கு 'பக்கம்' எனப்படும் 4 கிலோபைட் நினைவகத் துண்டு ஒன்று. பெருக்கினால் சரியாக 6 மெகாபைட். அதற்கு மேலே போனால் தரவு கேஷில் இருந்தாலும் முகவரியைத் தேடவே மேலதிக நேரம் போகும். 2 மெகாபைட் பெரிய பக்கங்களை வைத்து அதே சோதனையை ஓட்டினால் இந்தச் சாய்வு மறையும். இரண்டு மென்பொருள் ஒரே மெசினுக்கு வேறு வேறு லேட்டன்சி சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் ஒரு மென்பொருளின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒருபோதும் ஒப்பிட வேண்டாம்.

தம்பியின் 3600இல் எல்3 மொத்தம் 32 மெகாபைட். ஆனால் படி 16இலேயே ஏறும். ஆறு கோர்களை மூன்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் 16 கொடுத்திருக்கிறார்கள். ஒரு கோர் தன் கூட்டத்தின் 16ஐத்தான் சொந்தமாகப் பாவிக்கும். 2020இல் வந்த 5600எக்ஸில் ஆறு கோர்களுக்கும் ஒரே 32. பெட்டியில் இரண்டுக்கும் ஒரே எண்தான் போட்டிருக்கும், வரைபடம் மட்டுமே வித்தியாசத்தைக் காட்டும்.

வரைபடம் ரேம் பகுதியிலும் பத்துப் பதினைந்து நானோசெக்கன்தான் என்று சொன்னால் நம்ப வேண்டாம். சோதனை வரிசையாக நடந்திருக்கிறது. அடுத்தது எது என்று ஊகித்து முன்கூட்டியே எடுத்து வைக்கும் பொறிமுறை புரொசஸரில் உண்டு. கலைத்துப் போட்ட வரிசையில் அளந்தால்தான் உண்மை தெரியும்.

நானோசெக்கனா, துடிப்பா

4 கிகாஹேர்ட்ஸில் ஒரு துடிப்பு 0.25 நானோசெக்கன். ஒரு துடிப்பை ஒரு செக்கனாக நீட்டிப் பாருங்கள். எல்1 நாலைந்து செக்கன், கை நீட்டி எடுக்கிற தூரம். 80 நானோசெக்கன் ரேம் 320 துடிப்பு, ஐந்து நிமிடத்துக்கு மேல். கல்லடிப் பாலத்தை நடந்து கடக்கிற நேரம்.

எல்1, எல்2 துடிப்புக் கணக்கில் நிலையானவை. ரேம் நானோசெக்கன் கணக்கில் ஏறத்தாழ நிலையானது. இதைப் பிடித்துக்கொண்டால் ஒரு நோயைக் கண்டுபிடிக்கலாம். எல்1 லேட்டன்சி நேற்று 1 நானோசெக்கன், இன்று 2 என்றால் கேஷ் பழுதாகவில்லை. புரொசஸர் பாதி வேகத்தில் ஓடுகிறது. விசிறியில் தூசு, காய்ந்த பேஸ்ட், அல்லது பவர் அமைப்பு. எல்1, எல்2 சரியாக இருந்து ரேம் மட்டும் கூடியிருந்தால் பயோஸில் எக்ஸ்எம்பி கழன்றிருக்கும். பட்டரி இறங்கிய பழைய மதர்போட்களில் கரண்ட் போய் வந்த பிறகு இப்படி ஆவதைப் பார்த்திருக்கிறேன்.

கோர்களுக்கு இடையே

சில சோதனைகள் ஒரு கோர் எழுதியதை இன்னொரு கோர் காண எடுக்கும் நேரத்தை நிறம் தீட்டிய சதுரமாகக் காட்டும். 3600இல் அந்தச் சதுரத்தில் இரண்டு கட்டங்கள் தனியாகத் தெரியும். ஒரே கூட்டத்துக்குள் ஓர் அளவு, மற்றக் கூட்டத்துக்கு இரண்டு மடங்கு அல்லது அதற்கு மேல். இது வடிவமைப்பு, பழுதில்லை. கட்டங்கள் ஒழுங்காக இருந்தால் கடந்து போங்கள்.

பாரம் ஏறும்போது

மேலே சொன்ன எல்லாம் மெசின் சும்மா இருக்கும்போது அளந்தவை. இன்டெல்லின் எம்எல்சி என்ற இலவசக் கருவி பாரத்தை ஏற்றி ஏற்றி லேட்டன்சியை அளக்கும். நிர்வாகி அனுமதியோடு ஓட்ட வேண்டும். பழைய பாலத்தைத் திரும்ப நினையுங்கள். நடுச்சாமத்தில் அதைக் கடக்கும் நேரம் புதிய பாலத்துக்குச் சமம். காலை ஏழரைக்கு, பள்ளிக்கூடமும் கந்தோரும் தொடங்கும் நேரத்தில்தான் வரிசை நீளும். ஒற்றைச் சனல் மெசினும் அப்படியே. சும்மா இருக்கையில் இரட்டைச் சனலுக்குக் கிட்ட வரும் எண், பாரம் உச்சத்தை நெருங்கும்போது இரண்டு மூன்று மடங்காகத் தாவும். 'கேம் விளையாடினால் மட்டும் திக்குது, சோதனையில் நல்லாத்தான் காட்டுது' என்று வருபவர்களுக்கு நான் முதலில் ஓட்டிப் பார்ப்பது இதைத்தான். கிராபிக்ஸ் கார்ட் தனியாக இல்லாத 5600ஜி போன்ற புரொசஸர்களில் திரையும் இதே ரேமைத்தான் பாவிக்கிறது. அங்கே இரண்டாவது குச்சி கட்டாயம். ஏற்கனவே 8 ஜிபி ஒன்று இருக்க 4 ஒன்றுதான் வாங்க முடியும் என்றாலும் வாங்குங்கள். இன்டெல்லில் முதல் 8 இரட்டைச் சனலாகவும், மிச்ச 4 ஒற்றையாகவும் ஓடும்.

கூட்டாளியின் 63க்கும் தம்பியின் 76க்கும் இன்னும் இடைவெளி இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது, இருக்கும். ஐ5-10400இல் ரேம் கட்டுப்படுத்தி கோர்களோடு ஒரே சிப்பில் இருப்பதால் அது ரேமுக்குச் சீக்கிரம் போய் வரும். 3600க்கு எல்3 பெரியது, அதனால் ரேமுக்குப் போக வேண்டிய தேவையே குறைவு. இரண்டு மெசினிலும் தம்பியின் இறுதியாண்டுப் புரொஜெக்டைக் கம்பைல் பண்ணிப் பார்த்தோம். நேரத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பெரிய தரவுத்தளம், ஒன்றிலிருந்து ஒன்றைத் தேடும் வேலை என்றால் அந்தப் பதின்மூன்று நானோசெக்கன் பேசும். வீடியோ மாற்றுவதற்கும் படம் ரெண்டர் செய்வதற்கும் அது அநேகமாகக் காதிலே விழாது.

போகும்போது ஒரு கொப்பியில் திகதி, ரேம் வேகம், சனல், சிஎல், ரீட், ரைட், லேட்டன்சி, எல்1 லேட்டன்சி, புரொசஸர் வெப்பநிலை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். மாரி மழை தொடங்கியதும் அறை குளிர்ந்த பிறகு இரண்டாவது வரியை எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.